போட்டோ ரீசைஸ் பண்ணும்போது வர்ற கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு என்ன பண்றது

பேங்க் எக்ஸாம் அப்ளிகேஷன் ஓப்பன் ஆன உடனே தெரிஞ்ச பசங்க பொண்ணுங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "அண்ணா போட்டோ ஏற மாட்டேங்குது". பேரு, மார்க்கு, அட்ரஸ் எல்லாம் ஒழுங்கா அடிச்சிட்டு இந்த போட்டோ கையெழுத்து கிட்ட வந்து மாட்டிக்கிறாங்க, கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டு அப்புறம் பிரவுசிங் சென்டர்ல போய் காசு குடுத்து பண்ணிட்டு வர்றாங்க. இத வீட்லயே நீங்களே பண்ணிடலாம், இலவச சாப்ட்வேரே போதும். என்ன பிரச்சனை வருதோ அத கீழ தேடி அதுக்கு உண்டானத மட்டும் பண்ணுங்க, எல்லாத்தையும் பண்ணணும்னு இல்ல.

உதாரணத்துக்கு ஐபிபிஎஸ் (பேங்க் வேலைக்கு எக்ஸாம் நடத்தற அமைப்பு) கேக்கற அளவையே எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம ஊர்ல அதிகம் பேர் மோதறது அதுலதான். போட்டோ 200 × 230 பிக்சல், 20ல இருந்து 50 கேபி. கையெழுத்து 140 × 60 பிக்சல், 10ல இருந்து 20 கேபி. இடது கட்டை விரல் ரேகை 240 × 240, 20ல இருந்து 50 கேபி. கைப்பட எழுதற டிக்ளரேஷன் 800 × 400, 50ல இருந்து 100 கேபி. வேற எக்ஸாமுக்கு வேற அளவு இருக்கும், உங்க நோட்டிபிகேஷன்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு, முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

சாப்ட்வேர்னு பாத்தா விண்டோஸ்ல ஏற்கனவே இருக்கற பெயிண்ட் போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, பிக்சல் மாத்த அது போதும்தான், ஆனா கேபிய கண்ட்ரோல் பண்ற வசதி அதுல கிடையாது, சேவ் குடுத்தா அது பாட்டுக்கு ஒரு குவாலிட்டில சேவ் பண்ணிடும், 14 கேபி வந்தாலும் 70 கேபி வந்தாலும் நம்ம கைல ஒண்ணும் இல்ல. விண்டோஸ் 11ல இருக்கற போட்டோஸ் ஆப்ல மூணு புள்ளிய அழுத்தினா ரீசைஸ் இமேஜ்னு வரும், அதுல குவாலிட்டி ஸ்லைடர் இருக்கு, அவசரத்துக்கு அது பரவால்ல. ஆனா நான் சொல்றது இர்ஃபான்வியூ (IrfanView). இர்ஃபான் ஸ்கில்யான்னு ஒருத்தர் 1996ல வெளியிட்டு இன்னைக்கு வரைக்கும் மெயின்டெயின் பண்ணிட்டு வர்ற சாப்ட்வேர், ரொம்ப சின்னது, பழைய கம்ப்யூட்டர்லயும் சட்டுனு ஓப்பன் ஆகும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். இன்ஸ்டால் பண்ணும்போது அதோட பிளக்இன்ஸ் பேக்கையும் (கூடுதல் வசதிகள் இருக்கற தனி ஃபைல்) சேத்து போட்டுக்கோங்க. கடை வச்சிருக்கவங்க இர்ஃபான்வியூவுக்கு லைசன்ஸ் வாங்கணும், காசு வேண்டாம்னா அவங்களுக்கு கிம்ப் (GIMP) இருக்கு, அது ஜிபிஎல் லைசன்ஸ், கடைல வச்சு சம்பாதிச்சாலும் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது, லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும்.

கோளாறுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல ஏத்திக்கோங்க, இது புரிஞ்சா பாதி பிரச்சனை வரவே வராது. பிக்சல் வேற, கேபி வேற. பிக்சல்ங்கறது படத்துல எத்தன புள்ளி இருக்குங்கற கணக்கு, கேபிங்கறது அந்த ஃபைல் டிஸ்க்ல எவ்வளவு எடம் எடுக்குதுங்கற கணக்கு. பிக்சல குறைச்சா கேபியும் குறையும், ஆனா பிக்சல தொடாமலே கேபிய ஏத்தவும் முடியும் எறக்கவும் முடியும், அது ஜேபெக் (ஜேபிஜின்னு சொல்றதும் இதுதான்) குவாலிட்டி வேலை. அதனால வரிசை எப்பவும் இப்படித்தான்: முதல்ல க்ராப் (வேண்டாத எடத்த வெட்டறது), அடுத்து ரீசைஸ் (பிக்சல் அளவ மாத்தறது), கடைசியா குவாலிட்டி பாத்து சேவ். இந்த வரிசை மாறினாதான் பெரும்பாலான கோளாறு வருது. அதோட ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல் போட்டோவுல இருந்து ஆரம்பிக்கணும், ஏற்கனவே சின்னதாக்கின ஃபைல திரும்பத் திரும்ப நோண்டக் கூடாது. ஒரிஜினல ஒரு ஃபோல்டர்ல பத்திரமா வச்சிட்டு காப்பி எடுத்து அதுல வேலை பண்ணுங்க.

"ஃபைல் சைஸ் ஜாஸ்தியா இருக்குன்னு எரர் வருது"

இதுதான் எல்லாருக்கும் முதல்ல வர்றது. போன்ல எடுத்த படம் 3000 × 4000 பிக்சல் இருக்கும், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி, 3 எம்பி 4 எம்பின்னு இருக்கும். அத அப்படியே வச்சிக்கிட்டு குவாலிட்டிய மட்டும் அடிமட்டத்துக்கு எறக்கி 50 கேபிக்குள்ள கொண்டு வரப் பாத்தா படம் கட்டம் கட்டமா ஆயிடும். ஜேபெக் படத்த 8 × 8 பிக்சல் கட்டமா வெட்டி வெட்டித்தான் சுருக்கும், ரொம்ப அழுத்தினா அந்த கட்டமெல்லாம் வெளிய தெரிய ஆரம்பிச்சிடும், கன்னத்துலயும் நெத்தியிலயும்தான் முதல்ல தெரியும்.

இர்ஃபான்வியூல படத்த ஓப்பன் பண்ணி க்ராப் முடிச்சிட்டு கண்ட்ரோல் ஆர் அழுத்துங்க, வித்த்ல 200 ஹைட்ல 230 போட்டு ஓகே. அப்புறம் எஸ் கீய அழுத்தினா சேவ் விண்டோ வரும், டைப் ஜேபிஜின்னு வச்சா பக்கத்துலயே குவாலிட்டி ஸ்லைடர் வரும். அங்கேயே செட் ஃபைல் சைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத டிக் பண்ணி எத்தன கேபி வேணும்னு போட்டா அதுவே குவாலிட்டிய கணக்கு பண்ணி அந்த அளவுக்கு கொண்டு வந்துடும். லிமிட் 50னா 50ன்னே போடாதீங்க, 40 போடுங்க. சில சைட்டு 1 கேபிய 1000 பைட்டுன்னு எண்ணும், சிலது 1024ன்னு எண்ணும், ஓரத்துல நின்னா ஒரு எடத்துல ஏறும் இன்னொரு எடத்துல ஏறாது.

சேவ் பண்ணதுக்கப்புறம் ஃபைல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. அதுல சைஸ், சைஸ் ஆன் டிஸ்க்னு ரெண்டு வரி இருக்கும், பாக்க வேண்டியது முதல் வரி. ரெண்டாவது வரி ஹார்ட் டிஸ்க் எடம் ஒதுக்கற கணக்கு, அது எப்பவும் கொஞ்சம் கூடவே காட்டும், அத பாத்து நிறைய பேர் வீணா இன்னும் குறைச்சிட்டு இருப்பாங்க.

ஜேபிஜியா சேவ் பண்ணாம பிஎன்ஜியா பண்ணிட்டாலும் சைஸ் எகிறிடும். பிஎன்ஜில தரம் குறைச்சு சுருக்கற வேலையே நடக்காது, போட்டோவுக்கு அது சரிப்படாது, ஸ்க்ரீன்ஷாட் மாதிரி படத்துக்குத்தான் அது நல்லது.

"இப்போ ரொம்ப கம்மியா இருக்காம், 20 கேபிக்கு மேல வேணுமாம்"

இதுலதான் நிறைய பேர் சோர்ந்து போயிடறாங்க, ஏன்னா குறைக்க மட்டும்தான் எல்லாரும் சொல்லித் தர்றாங்க, கூட்டறதுக்கு யாரும் சொல்றதில்ல.

200 × 230னா மொத்தம் 46,000 பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூணு பைட்டுன்னா சுருக்கறதுக்கு முன்னாடி 1,38,000 பைட்டு, கிட்டத்தட்ட 135 கேபி. இத ஜேபெக் சுருக்கும்போது பின்னாடி வெள்ளை சுவரா இருந்தா ரொம்ப நல்லா சுருங்கும், ஏன்னா ஒரே கலர்ல இருக்கற எடத்துக்கு சொல்ல வேண்டிய தகவலே கம்மி. அதனாலதான் பெயிண்ட்ல சேவ் பண்ணா 12, 14 கேபின்னு வந்து நிக்குது. இர்ஃபான்வியூல குவாலிட்டிய 95, 98ன்னு ஏத்துங்க, சேவ் பண்ணி சைஸ் பாருங்க, பத்தலன்னா 100 வரைக்கும் போங்க. அதுக்கும் மேல வேணும்னா அதே சேவ் ஆப்ஷன்ல டிஸேபிள் குரோமா சப்சாம்ப்ளிங்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டா கலர் தகவல் முழுசா சேவ் ஆகும், ஃபைலும் கொஞ்சம் பெருசாகும், படமும் கொஞ்சம் சுத்தமா இருக்கும்.

கையெழுத்துல இந்த பிரச்சனை இன்னும் மோசம். 140 × 60னா மொத்தமே 8,400 பிக்சல், சுருக்காம வச்சாலே 25 கேபிதான். வெள்ளை பேப்பர்ல நாலு கருப்பு கோடு, அத ஜேபெக் சுருக்கினா 3 கேபி 4 கேபிதான் வரும், ஆனா அவங்க கேக்கறது 10க்கு மேல. இங்க ஒரு விஷயம் கவனிங்க, ஐபிபிஎஸ் நோட்டிபிகேஷன்ல அந்த பிக்சல் அளவு பக்கத்துல "விரும்பத்தக்கது"ங்கற அர்த்தத்துலதான் போட்டிருப்பாங்க, கேபிதான் கண்டிப்பு. அதனால குவாலிட்டி 100 வச்சும் 10 வரலன்னா அதே விகிதத்துல டபுளா 280 × 120 வச்சுப் பாருங்க, தேவைப்பட்டா 420 × 180. உங்க எக்ஸாம்ல பிக்சலும் கண்டிப்புன்னு போட்டிருந்தா மட்டும் இது சரிப்படாது, அப்போ குவாலிட்டி 100, குரோமா டிக், கையெழுத்து கட்டம் முழுக்க வர்ற மாதிரி நெருக்கமா க்ராப், இந்த மூணையும் சேத்து பண்ணுங்க. கையெழுத்து பெருசா நிறைஞ்சு இருந்தா சுருக்க வெள்ளை எடம் கம்மியாகும், கேபி தானா ஏறும்.

"மூஞ்சி உப்பிப் போயிருக்கு" அல்லது "ஒல்லியா நீண்டு போயிருக்கு"

க்ராப் பண்ணாம நேரா ரீசைஸ் பண்ணதால வர்றது இது. 3000 × 4000 படத்த ஒழுங்கான விகிதத்துல 200 அகலத்துக்கு கொண்டு வந்தா உயரம் 267 வரணும். நீங்க வலுக்கட்டாயமா 230 போட்டா உயரத்துல 14 சதவீதம் நசுங்குது, அதான் கன்னம் உப்பின மாதிரி தெரியுது. ஹால்ல உக்காந்திருக்கற ஆளையும் இந்த போட்டோவையும் ஒப்பிட்டுத்தான் பாப்பாங்க, மூஞ்சி மாறித் தெரிஞ்சா கஷ்டம் உங்களுக்குத்தான், அதனால இத அலட்சியமா விடாதீங்க.

பெயிண்ட்லயும் சரி இர்ஃபான்வியூலயும் சரி ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) காப்பாத்தற ஒரு டிக் இருக்கும், கிம்ப்ல அது சங்கிலி மாதிரி ஒரு ஐகான். அந்த டிக் இருந்தா 200 போட்ட உடனே உயரம் தானா 267 ஆயிடும், 230 போட விடாது. நிறைய பேர் அது தொந்தரவு பண்ணுதுன்னு டிக்க எடுத்துட்டு 230 போட்டுடறாங்க, நசுங்கறது அங்கதான். டிக்க எடுக்காதீங்க, அதுக்கு முன்னாடியே படத்த அந்த விகிதத்துக்கு வெட்டிடுங்க.

எப்படின்னா, 200க்கு 230ங்கறது 1000க்கு 1150ம் ஒண்ணுதான், 1400க்கு 1610ம் ஒண்ணுதான், 2000க்கு 2300ம் ஒண்ணுதான். இர்ஃபான்வியூல ஷிஃப்ட் சி அழுத்துங்க, க்ராப் பெட்டி அளவு கேக்கும், 1000ம் 1150ம் போட்டு ஓகே குடுத்தா படத்து மேல ஒரு பெட்டி விழும். மவுஸோட ரைட் பட்டன அழுத்திப் பிடிச்சு இழுத்தா அந்த பெட்டி நகரும், முகம் நடுவுல, தலைக்கு மேல கொஞ்சம் எடம், தோள்பட்டை வரைக்கும் உள்ள வர்ற மாதிரி வைங்க. பெட்டி சின்னதா இருந்தா திரும்ப ஷிஃப்ட் சி போட்டு 1400, 1610 போடுங்க. சரியா உக்காந்ததும் கண்ட்ரோல் ஒய், வெட்டிடும். இப்போ கண்ட்ரோல் ஆர் போட்டு 200ன்னு அடிச்சா 230 தானா வந்து நிக்கும், அது வந்துட்டா நீங்க வெட்டினது சரின்னு அர்த்தம். கிம்ப்ல இன்னும் சுலபம், க்ராப் டூல்ல ஃபிக்ஸ்டு ஆஸ்பெக்ட் ரேஷியோன்னு டிக் பண்ணி 200:230ன்னு அடிச்சிட்டா எப்படி இழுத்தாலும் அந்த விகிதம் மாறாது.

அமெரிக்க விசா அப்ளிகேஷனுக்கு பண்றவங்களுக்கு இது சதுரம், 600 × 600ல இருந்து 1200 × 1200 வரைக்கும், 240 கேபிக்குள்ள. அங்க பெட்டி 2000, 2000ன்னு போட்டுக்கோங்க, மத்ததெல்லாம் இதே மாதிரிதான்.

"படம் மங்கலா இருக்கு"

மங்கலுக்கு காரணம் ஒண்ணு இல்ல, அதனால எங்க இருந்து மங்கலாச்சுன்னு கண்டுபிடிங்க. ஒரிஜினல ஓப்பன் பண்ணி முழு சைஸ்ல பாருங்க, அதுவே மங்கலா இருந்தா எந்த சாப்ட்வேராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, வேற போட்டோ எடுங்க, ஜன்னல் பக்கம் பாத்து நின்னு யாரையாவது எடுக்கச் சொன்னா ரெண்டு நிமிஷ வேலை.

ஒரிஜினல் நல்லா இருந்து ரீசைஸ் பண்ணதும் மங்கினா இர்ஃபான்வியூ ரீசைஸ் விண்டோல ரீசாம்பிள்ங்கறத தேர்ந்தெடுத்திருக்கீங்களான்னு பாருங்க, அதுக்கு கீழ ஃபில்டர் லான்சோஸ்னு வைங்க. பக்கத்துல இருக்கற ரீசைஸ்ங்கற ஆப்ஷன் வேகமா முடியும் ஆனா முடி, கண்ணாடி ஃப்ரேம், சட்டை காலர் எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். அதே விண்டோல ரீசாம்பிளுக்கு அப்புறம் ஷார்ப்பன் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், அதையும் போடுங்க. 1000 பிக்சல 200 ஆக்கும்போது கண்ணு, புருவம் எல்லாம் லேசா மழுங்கறது சகஜம், அந்த ஷார்ப்பன் அத சரி பண்ணும். கிம்ப்ல ஃபில்டர்ஸ் மெனுல என்ஹான்ஸ்குள்ள ஷார்ப்பன் இருக்கு, லேசா போடுங்க, அதிகமா போட்டா முகத்த சுத்தி வெள்ளைக் கோடு விழுந்து வெட்டி ஒட்டின மாதிரி ஆயிடும்.

வாட்ஸப்ல வந்த போட்டோவப் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. வாட்ஸப் சாதாரணமா அனுப்பும்போது படத்த சுமார் 1600 பிக்சலுக்கு குறைச்சிடும், உண்மைதான், ஆனா உங்களுக்கு வேண்டியது 200 × 230, முகம் பெருசா இருக்கற தனி போட்டோன்னா அதுவே தாராளமா போதும். கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோல இருந்து உங்க முகத்த மட்டும் வெட்டி எடுக்கும்போதுதான் பிரச்சனை, அங்க உங்க முகமே 90 பிக்சல்தான் இருக்கும், அத 200க்கு இழுத்தா இல்லாத தகவல் எங்க இருந்து வரும்? அந்த மாதிரி நேரத்துல அனுப்பினவங்க கிட்ட டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அப்போ ஒரிஜினல் அப்படியே வரும். 2023ல வந்த எச்டி ஆப்ஷனும் பரவால்ல, ஆனா அதுவும் சுருக்கும்.

அடுத்தது, ஒரே ஃபைல திறந்து சேவ், திறந்து சேவ்னு பண்ணிட்டே இருக்கறது. ஜெராக்ஸ எடுத்து அதையே திரும்ப ஜெராக்ஸ் போட்ட மாதிரி ஒவ்வொரு சேவ்லயும் கொஞ்சம் கொஞ்சம் போயிட்டே இருக்கும். 60 கேபி வந்துச்சா, அத திறந்து குறைக்காதீங்க, ஒரிஜினல திறந்து திரும்ப முதல்ல இருந்து பண்ணுங்க.

"சைஸ் எல்லாம் சரி, ஆனா இன்வேலிட் ஃபார்மட்னு வருது"

முதல்ல ஃபைலோட நிஜமான எக்ஸ்டென்ஷன் என்னன்னு பாக்கணும், விண்டோஸ் அத மறைச்சு வச்சிருக்கும். விண்டோஸ் 11ல ஃபோல்டர்ல வியூ, அதுல ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ், டிக் பண்ணுங்க. இப்போ முழுப் பேரு தெரியும், போட்டோ டாட் ஜேபிஜி டாட் ஜேபிஜின்னு ரெண்டு தடவ இருக்கறதும் இப்பதான் கண்ணுல படும்.

ஐபோன்ல எடுத்ததுன்னா ஹெச்இஐசின்னு இருக்கும், 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து ஐபோன் இப்படித்தான் எடுக்குது. இதுக்கு நிறைய பேர் பண்றது, பேர மட்டும் மாத்தி கடைசில ஜேபிஜின்னு எழுதிடறது. பேரு மாறினா உள்ள இருக்கறது மாறாது, சைட்டு உள்ள பாத்து கண்டுபிடிச்சிடும். இர்ஃபான்வியூல திறந்து ஜேபிஜியா சேவ் பண்ணணும், திறக்கலன்னா பிளக்இன்ஸ் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. இல்லன்னா போன்லயே செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ், அதுல மோஸ்ட் கம்பாட்டிபிள் வச்சிட்டு திரும்ப ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அதுதான் சுலபம்.

நெட்ல இருந்து எறக்கின படம் வெப்பீன்னு இருக்கலாம், ஜேஃபிஃப்னு இருக்கலாம். ஜேஃபிஃப் உள்ள ஜேபெக்தான், அத மட்டும் பேர் மாத்தினாலே போதும், வெப்பீய கண்டிப்பா திறந்து சேவ் பண்ணணும்.

கிம்ப்ல பண்றவங்க இன்னொரு எடத்துல மாட்டுவாங்க. அதுல கண்ட்ரோல் எஸ் அழுத்தினா எக்ஸ்சிஎஃப்னு அதோட சொந்த ஃபார்மட்லதான் சேவ் ஆகும், அத எந்த சைட்டும் எடுத்துக்காது. ஜேபிஜி வேணும்னா ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட் ஆஸ் போகணும். அங்க வர்ற விண்டோல ஷோ ப்ரிவ்யூன்னு டிக் பண்ணா ஸ்லைடர நகத்த நகத்த எத்தன கேபி வரும்னு சேவ் பண்றதுக்கு முன்னாடியே காட்டும், இந்த ஒரு வசதிக்காகவே சில பேர் கிம்ப்ப விட மாட்டாங்க.

"போட்டோ படுத்துக்கிட்டு ஏறுது"

போன்ல நேரா தெரியும், கம்ப்யூட்டர்ல நேரா தெரியும், சைட்டுல மட்டும் பக்கவாட்டுல சாஞ்சு தெரியும். போன் கேமரா பெரும்பாலும் படத்த படுக்கவாட்டுலயே சேவ் பண்ணிட்டு "இத திருப்பிக் காட்டு"ன்னு ஃபைலுக்குள்ள ஒரு குறிப்ப எழுதி வச்சிடும், அந்த எக்ஸிஃப் குறிப்ப மதிக்காத சைட்டுல படம் சாஞ்சுதான் தெரியும். இர்ஃபான்வியூல எல் கீ இடது பக்கம் திருப்பும், ஆர் கீ வலது பக்கம் திருப்பும். படம் சாஞ்சு தெரிஞ்சா திருப்பிட்டு சேவ் பண்ணுங்க, நேரா தெரிஞ்சா சும்மா ஒரு தடவ ரீசைஸ் பண்ணி ஜேபிஜியா சேவ் பண்ணும்போது ஆப்ஷன்ஸ்ல ரீசெட் எக்ஸிஃப் ஓரியன்டேஷன் டிக் இருக்கான்னு பாத்துக்கோங்க. திருப்பற வேலைய மட்டும் க்ராப் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், இல்லன்னா 200 × 230ங்கறது 230 × 200 ஆயிடும்.

"கையெழுத்துக்கு பின்னாடி சாம்பல் கலரா நிழல் அடிக்குது"

பாதி வேலை போட்டோ எடுக்கும்போதே இருக்கு. கோடு போடாத வெள்ளை பேப்பர், கருப்பு மை பேனா, கொஞ்சம் பெருசா கையெழுத்து. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ போன பிடிச்சா உங்க கை நிழலே விழும், பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, ஃப்ளாஷ் வேண்டாம். ஸ்கேனர் இருந்தா 200 அல்லது 300 டிபிஐல ஸ்கேன் பண்ணிட்டா இந்த தலைவலியே இல்ல. கேப்பிட்டல் லெட்டர்ல போட்ட கையெழுத்த ஐபிபிஎஸ் ஏத்துக்காது, அதையும் பாத்துக்கோங்க.

எடுத்தாச்சு, நிழல் இருக்குன்னா கிம்ப்ல கலர்ஸ் மெனு, லெவல்ஸ். அதுல மூணு ட்ராப்பர் ஐகான் இருக்கும், வெள்ளைக்கு உண்டான ட்ராப்பர எடுத்து பேப்பர்ல சாம்பலா தெரியற எடத்துல ஒரு கிளிக், கருப்புக்கு உண்டானத எடுத்து மை மேல ஒரு கிளிக். பேப்பர் பளிச்சுன்னு வெள்ளையாகும், மை கருக்கும். இர்ஃபான்வியூல கண்ட்ரோல் ஜி போட்டு கருப்பு வெள்ளையாக்கிட்டு ஷிஃப்ட் ஜி போட்டு கான்ட்ராஸ்ட்ட ஏத்துங்க, கிட்டத்தட்ட அதே மாதிரி வரும். விரல் ரேகைக்கு மட்டும் கான்ட்ராஸ்ட்ட ஓவரா ஏத்திடாதீங்க, ரேகைக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மைக்கறை மாதிரி ஆயிடும், அதுக்கு திரும்ப லேசா மை தொட்டு அழுத்தாம ஒரு ரேகை வைக்கறதே மேல்.

"200 டிபிஐ வேணும்னு இருக்கு, என்னோடதுல 72ன்னு காட்டுது"

பயப்பட ஒண்ணும் இல்ல. டிபிஐங்கறது ப்ரிண்ட் போடும்போது ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளி வைக்கணும்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்கற ஒரு எண்ணு, அத மாத்தினா ஒரு பிக்சல் கூட மாறாது. இர்ஃபான்வியூல ஐ கீய அழுத்தினா இன்ஃபர்மேஷன் விண்டோ வரும், அங்க ரெசல்யூஷன் கட்டத்துல 200 × 200ன்னு மாத்திட்டு சேஞ்ச் குடுத்து சேவ் பண்ணிடுங்க, அவ்வளவுதான்.

சென்டிமீட்டர்ல கேட்டா மட்டும்தான் கணக்கு போடணும், சென்டிமீட்டர டிபிஐயால பெருக்கி 2.54ஆல வகுக்கணும். 3.5 × 4.5 செ.மீ., 200 டிபிஐன்னா 276 × 354 பிக்சல். அதே 300 டிபிஐன்னா 413 × 531. அப்ளிகேஷனுக்கு பண்ண 200 × 230 ஃபைல ஸ்டுடியோல குடுத்து பாஸ்போர்ட் சைஸ் ப்ரிண்ட் கேக்காதீங்க, இஞ்சுக்கு 145 புள்ளிதான் வரும், பிசிறு தட்டும், அதுக்கு ஒரிஜினலத்தான் குடுக்கணும்.

"பின்னாடி பேக்ரவுண்ட் கருப்பாயிடுச்சு"

பேக்ரவுண்ட நீக்கற ஆப்ல பண்ணி பிஎன்ஜியா எடுத்திருப்பீங்க. அதுல பின்னாடி வெள்ளை இல்ல, ஒண்ணுமே இல்லாத ட்ரான்ஸ்பரன்ட், ஜேபிஜிக்கு ட்ரான்ஸ்பரன்ட் தெரியாது, அதனால சில சாப்ட்வேர் அந்த எடத்த கருப்பால ரொப்பிடும். கிம்ப்ல பேக்ரவுண்ட் கலர வெள்ளையா வச்சிட்டு இமேஜ் மெனுல ஃப்ளாட்டன் இமேஜ் குடுத்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

"மாத்தி ஏத்தினாலும் பழைய போட்டோவே காட்டுது"

ஒரே பேர்ல திரும்ப ஏத்தினா ப்ரவுசர் பழசையே காட்டிட்டு இருக்கலாம். ஃபைலுக்கு புதுப் பேர் வைங்க. பேர்ல ஸ்பேஸ், பிராக்கெட், தமிழ் எழுத்து எதுவும் வேண்டாம், சில சைட்டு அதுக்கே எரர் அடிக்கும், எதுக்குன்னும் சொல்லாது. ப்ரிவ்யூல போட்டோ எடத்துல போட்டோவும் கையெழுத்து எடத்துல கையெழுத்தும் இருக்கான்னு பாத்துட்டு ஃபைனல் சப்மிட் குடுங்க, ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு அப்புறம் தவிக்கறவங்க இருக்காங்க.

"என்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல, போன் மட்டும்தான்"

போன் ப்ரவுசர்ல ஸ்குவூஷ்னு (Squoosh) தேடுங்க, கூகுள் குரோம் லேப்ஸ் டீம் பண்ண இலவச டூல். அதுல திறக்கற படம் எந்த சர்வருக்கும் போகாது, உங்க போன்லயே ப்ரவுசருக்குள்ளயே வேலை நடக்கும். கேலரில க்ராப் பண்ணிட்டு அதுல திறந்து ரீசைஸ் ஆன் பண்ணி 200, 230 போடுங்க, கீழ மோஸ்ஜேபெக் வச்சு குவாலிட்டிய நகத்துங்க, எத்தன கேபின்னு அங்கேயே ஓடும்.

இத நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. "போட்டோ ரீசைஸ் 50 கேபி"ன்னு தேடினா ஏகப்பட்ட சைட்டு வருது, அதுல பலதும் உங்க படத்த அவங்க சர்வருக்கு ஏத்தித்தான் குறைச்சுத் தருது. உங்க முகம், கையெழுத்து, கட்டை விரல் ரேகை மூணையும் யாரு நடத்தறான்னே தெரியாத ஒரே எடத்துல வரிசையா ஏத்தறீங்க. பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம், ரேகைய மாத்த முடியாது. சுத்து வட்டாரத்துல ஒரு லேப்டாப் வச்சிருக்கற பிரெண்டு கண்டிப்பா இருப்பாங்க, அவங்க கிட்ட போய் பண்ணிக்கோங்க, முடிச்சதும் ஃபைல டெலீட் பண்ணிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க.

"ஒண்ணு ரெண்டு இல்ல, 300 போட்டோ இருக்கு"

விசேஷ வீட்டு போட்டோவ மெயில்ல அனுப்பணும், ஜிமெயில் 25 எம்பிக்கு மேல அட்டாச் பண்ண விடாது. ஒண்ணொண்ணா பண்ணிட்டு உக்காராதீங்க. இர்ஃபான்வியூல பி கீ அழுத்தினா பேட்ச் விண்டோ வரும், படங்கள சேத்துட்டு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல செட் லாங் சைட் 1600ன்னு போடுங்க, லாங் சைடுன்னா நின்ன படமும் படுத்த படமும் ரெண்டுமே ஒழுங்கா குறையும். சின்ன படத்த பெருசாக்க வேண்டாங்கற டிக்கையும் போட்டுக்கோங்க. அவுட்புட் ஃபோல்டர் கண்டிப்பா வேற ஃபோல்டரா இருக்கணும், அதே ஃபோல்டர்ல ஓவர்ரைட் குடுத்தா ஒரிஜினல் 300ம் போயிடும், திரும்ப வராது. இர்ஃபான்வியூ வேண்டாம்னா மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் இலவசம், அத போட்டா படங்கள செலக்ட் பண்ணி ரைட் கிளிக்லயே இமேஜ் ரீசைசர் வந்துடும், ரீசைஸ் ஒரிஜினல்ங்கற டிக்க மட்டும் எடுத்து விட்டுடுங்க, காப்பிய அதே ஃபோல்டர்ல பேருக்குப் பின்னாடி சைஸ் சேத்து தனியா வச்சிடும். முதல்ல 3 படத்த மட்டும் வச்சு ஓட்டிப் பாத்து சரியா வருதான்னு திறந்து பாத்துட்டு அப்புறமா மொத்தத்தையும் போடுங்க.